100-ம் 108-ம் ஒரே வண்டி!

ஊருக்குள்ளே நமக்கு எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள் உண்டு. திருடன் வந்தால் 100. தீப்பிடித்தால் 101. நெஞ்சு வலித்தால் 108. ஹெல்மெட் போடாமல் போனால் நாம் கூப்பிடாமல் தானாகவே வந்து மடக்குகிற டிராபிக் போலீஸ். வண்டி நின்றுபோனால் மூலைக்கடை மெக்கானிக். இவர்களில் யாரைப் பார்த்துச் சந்துக்குள் நுழைய வேண்டும், யாரைப் பார்த்து 'அப்பாடா' என்று பெருமூச்சு விட வேண்டும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும்.

கடலில் அந்த வசதி இல்லை ஸார். கடத்தல்காரனைத் துரத்துவது, மூழ்குகிறவனைத் தூக்குவது, எரிகிற கப்பலுக்குத் தண்ணீர் அடிப்பது, 'பேப்பர் எல்லாம் எங்கே?' என்று அதட்டுவது, எஞ்சின் நின்றுபோன படகைக் கயிறு கட்டி இழுத்து வருவது... எல்லாம் ஒரே கப்பல். ரோந்துக் கப்பல். தூரத்தில் அது தெரிந்ததும் ஓடுவதா, துண்டை எடுத்து ஆட்டுவதா என்று படகில் இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் சட்டென்று!

டெபிட்டையும் கிரெடிட்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் பி.காம். முதல் வருஷத்திலேயே பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்கள். கடலில் மட்டும் கணக்கு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அது டாலி ஆகிறதா என்று பார்க்கலாமே என்றுதான் போன மாதம் மண்டபத்துக்கு ரயில் ஏறினேன். ('ராமேஸ்வரம் பக்கம் போகிறேன்' என்றதும், வீட்டில் நான் சேர்த்து வைத்திருக்கும் பாவங்களின் அளவைப் பற்றி ஒரு சிறு விவாதம் நடந்தது. அது நமக்கு வேண்டாம்.)

ராமநாதபுரம் தாண்டினால் உச்சிப்புளி. இங்கே கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது. பெயர் ஐ.என்.எஸ். பருந்து. 2009-ல் வைத்த பெயர். டெல்லியிலிருந்து வரும் பெயர்களை உச்சரிக்கவே நாம் டியூஷன் போக வேண்டியிருக்கும்போது, 'பருந்து' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ஒரு சந்தோஷம்தான்.

அதற்கப்புறம் நிலம் குறுகிக்கொண்டே போய், மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒன்று பெண் கடல், இன்னொன்று ஆண் கடல் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். வடக்குக் கடல் சாது. தெற்குக் கடல் முரடு. (காற்று மாறினால் சாதுவும் எழுந்து நிற்குமாம். கல்யாணமானவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.)

மண்டபத்துக்குப் பழைய கதைகள் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களைத் தொற்றுநோய்ப் பரிசோதனைக்காக அடைத்து வைத்த முகாம் இங்கேதான் இருந்தது. பிற்பாடு, இலங்கையிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர்களுக்கு அதே மண்டபம் முகாம்தான் புகலிடமானது. போகிறவனுக்கும் கேட், வருகிறவனுக்கும் கேட்! ஊர் எல்லாம் பார்த்துவிட்டது.

இங்கேதான் இந்தியக் கடலோரக் காவல் படையின் நிலையம். ஜனங்கள் பேச்சில் 'கோஸ்ட் கார்டு'. நேவி வேறு, இது வேறு. சுலபமாக அடையாளம் சொல்ல வேண்டுமானால், நேவி கப்பல் சாம்பல் நிறம், கோஸ்ட் கார்டு வெள்ளை. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்தபோது, நடுவிலுள்ள 72.5 மீட்டர் இரும்புப் பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே போக, அதற்கடியில் ஜம்மென்று ஒரு கப்பல் போயிற்றே, டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அது கோஸ்ட் கார்டு கப்பல்தான்.

இந்தப் படை பிறந்ததற்கு ஒருவகையில் கடத்தல்காரர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பழைய தமிழ்ப் படங்களில் ராத்திரி பீச்சில் டார்ச் அடித்து, 'பாஸ், சரக்கு வந்திருக்கு' என்பார்களே, அது வெறும் சினிமா இல்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தங்கமும் வாட்ச்சும் டிரான்சிஸ்டரும் நிஜமாகவே அப்படித்தான் இறங்கின. கஸ்டம்ஸ்காரர்களிடம் துரத்துவதற்குச் சரியான படகு இல்லை. யுத்தக் கப்பலை அனுப்பினால் கொசுவுக்குப் பீரங்கி. ருஸ்தம்ஜி தலைமையில் ஒரு கமிட்டி போட்டு யோசித்து, 1977 பிப்ரவரி 1-ஆம் தேதி கடற்படை கொடுத்த ஏழே ஏழு கப்பல்களோடு தற்காலிகமாக ஆரம்பித்தார்கள். 1978-ல் தனிச் சட்டம் போட்டு நிரந்தரமாக்கினார்கள்.

இவர்களுடைய வேக ரோந்துக் கப்பல்களில் பலவற்றுக்கு ராணிகளின் பெயர். ராணி அப்பக்கா, ராணி அவந்திபாய், ராணி காய்டின்லியு, ராணி துர்காவதி. விசாகப்பட்டினத்தில் கட்டிய இந்த வரிசையில் ஐந்தாவது, ராணி ராஷ்மோனி. 2018-ல் சேர்ந்தது.

யார் இந்த ராஷ்மோனி? கல்கத்தாவில் நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் வாழ்ந்த ஜமீன்தாரிணி. தட்சிணேஸ்வரம் காளி கோயிலைக் கட்டியவர். கங்கையில் மீன் பிடிக்கிறவர்கள் மீது கம்பெனிக்காரன் வரி போட்டபோது, இந்த அம்மாள் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டிவிட்டார். 'என் குத்தகை இடத்தில் உங்கள் கப்பல் போனால் என் ஜனங்களின் மீன் கலைகிறது' என்று வாதம். கம்பெனி இறங்கி வந்து வரியை எடுத்ததாக வங்காளத்தில் இன்றும் சொல்கிறார்கள். மீனவனுக்காகக் கப்பலையே நிறுத்திய பெண்ணின் பெயரை ஒரு ரோந்துக் கப்பலுக்கு வைத்திருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் மனதில் போட்டு வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மண்டபத்தில் எனக்குக் கப்பலைவிட அதிசயமாகப் பட்டது ஹோவர்கிராஃப்ட்.

காரணம், இந்தக் கடலின் ஆழம். பாக் விரிகுடாவில் பல இடங்களில் பத்து மீட்டர்கூடத் தேறாது. தனுஷ்கோடி தாண்டி, தலைமன்னார் வரைக்கும் வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகளின் பக்கம் போனால், சில இடங்களில் இடுப்பளவுதான். பெரிய கப்பல் உள்ளே வந்தால் தரை தட்டி உட்கார்ந்துவிடும். அப்புறம் அதைக் காப்பாற்ற இன்னொரு கப்பல்! ஆகவே தண்ணீரில் மிதக்காமல், காற்றில் மிதக்கிற வண்டி.

அரிச்சல்முனையில் நான் நின்றிருந்தபோது அது வந்தது. முதலில் சத்தம். ஏரோப்ளேன் இறங்குகிறதோ என்று எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். கீழே கடல்மேல் வெள்ளைத் தூறலைக் கிளப்பிக்கொண்டு ஒரு பெட்டி சறுக்கி வந்தது. பக்கத்தில் நின்ற மதுரைக்காரர் ஒருவர், "பஸ்ஸுக்கு ஃபேன் மாட்டி விட்ருக்காய்ங்க" என்றார். கிட்டத்தட்ட சரிதான். இருபது மீட்டர் சொச்சம் நீளம். அடியில் சுற்றிலும் ரப்பர் துணியில் பாவாடை. உள்ளே விசிறிகள் காற்றை அடித்ததும் அந்தப் பாவாடை எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி, மொத்த வண்டியையும் தூக்கிவிடுகிறது. பின்னால் இருக்கும் பெரிய காற்றாடிகள் தள்ளுகின்றன. தண்ணீரா, மணலா, சேறா என்று அதற்குக் கவலையே இல்லை. மணிக்கு 45 கடல் மைல், அதாவது 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது.

விலை கேட்பது எங்கள் காமர்ஸ் ஜாதியின் குணம். 2024 அக்டோபரில் இந்தப் படைக்காக ஆறு புது ஹோவர்கிராஃப்ட்களை உள்நாட்டிலேயே கட்ட மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. சுமார் 387 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒன்று 64 கோடிக்கு மேல்! 'பூரிக்கு இவ்வளவா?' என்று தோன்றும். 2022 மார்ச் 22-ஆம் தேதியைத் தெரிந்துகொண்டால் தோன்றாது.

இலங்கையில் அரிசி, பால்மாவு, பெட்ரோல், மருந்து எதுவுமே வாங்க முடியாமல் ஜனங்கள் தவித்த நேரம் அது. அங்கிருந்து புறப்பட்ட ஆறு தமிழர்களைப் படகுக்காரர்கள் அரிச்சல்முனைக்கு அப்பால் நான்காம் மணல் திட்டில் இறக்கி விட்டுப் போய்விட்டார்கள். மூன்று பெரியவர்கள், மூன்று குழந்தைகள். அதில் ஒரு குழந்தைக்கு நான்கு மாதம். திட்டு என்றால் ஏதோ தீவு என்று நினைக்காதீர்கள். மரம் கிடையாது, நிழல் கிடையாது, குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சுற்றிலும் உப்பு நீர். படகு போக முடியாத, நீந்தவும் முடியாத அந்த இடத்துக்கு இந்த ஹோவர்கிராஃப்ட்தான் போய் ஆறு பேரையும் தூக்கி வந்தது.

தூக்கி வந்த கையோடு என்ன நடந்தது? விசாரணை. பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்டியவர்கள் அல்லவா? மீட்டதும் சட்டப்படி, விசாரித்ததும் சட்டப்படி. அப்புறம்தான் மண்டபம் முகாம். நான் சொன்னேனே, 100-ம் 108-ம் ஒரே வண்டி என்று!

அரிச்சல்முனையிலிருந்து திரும்பும் வழியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தையும் ரயில்வே கட்டிடத்தையும் பார்த்தேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்து, ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் கடல் எடுத்துக்கொண்டது. அன்றைக்குக் கோஸ்ட் கார்டு என்ற பெயர்கூடப் பிறக்கவில்லை. நின்று யோசித்தால், ரோந்துக் கப்பல் என்பது எவ்வளவு சமீபத்திய சமாசாரம் என்று தெரிகிறது.

பாம்பனில் ஒரு டீக்கடை. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வாய் கொடுத்தார். வயது எழுபது இருக்கும். கடலுக்குப் போவதை நிறுத்திப் பத்து வருஷமாகிறதாம். கடலைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை.

"கோஸ்ட் கார்டு கப்பலைப் பாத்தா என்ன தோணும் ஐயா?" என்று கேட்டேன்.

"வலை கடல்ல கெடக்கா, படகுல இருக்கானு பாத்துத்தான் தம்பி சொல்லணும்!" என்று சிரித்தார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இது நெலம் மாதிரி இல்ல. வரப்பு தெரியாது. கச்சத்தீவுக்கு இந்தாண்ட ஒரு கோடு இருக்குங்கறாக. எங்க அப்பாரு காலத்துல அந்தக் கோடே கெடையாது. மீனுக்கும் அது தெரியாது. தாண்டுனா அந்தப் பக்கத்து நேவி புடிக்கிறான். தாண்டாம இருன்னு இந்தப் பக்கத்துக் கப்பல் வெரட்டுது. நடுவுல நாங்க."

அந்தக் கோடு 1974-லும் 1976-லும் இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தங்களில் பிறந்தது. மண்டபம், ராமேஸ்வரம் விசைப்படகுகள் அந்தப் பக்கம் போய் வலையிழுப்பதால், அங்கேயுள்ள தமிழ் மீனவர்களின் பிழைப்பு போகிறது என்பதும் நிஜம். பெரியவரும் அதை மறுக்கவில்லை. "அவுகளும் நம்ம ஆளுகதான். பாவந்தான்" என்று மட்டும் சொன்னார்.

ரோந்துக்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. இந்தக் கடலில் வருவதெல்லாம் மீன் பிடிக்கிற படகு என்று யார் சத்தியம் செய்ய முடியும்? 2023 மே மாதக் கடைசியில் இரண்டு படகுகளைத் துரத்தியபோது, அதில் வந்தவர்கள் மூட்டையைக் கடலில் வீசினார்கள். முக்குளிப்பவர்களை இறக்கித் தேடியெடுத்துக் கணக்குப் பார்த்தால், மொத்தம் 32 கிலோவுக்கு மேல் தங்கம்! சுமார் 20 கோடி ரூபாய். இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போவது கடல் அட்டை, பீடி இலை. இலங்கை மஞ்சள் இறக்குமதிக்குத் தடை போட்டதும், நம் சாம்பாரில் போடுகிற மஞ்சள்கூட மூட்டை மூட்டையாக ராத்திரியில் படகேறியது. தடையும் விலை வித்தியாசமும் இருக்கிற இடத்தில் கடத்தல் இருக்கும் என்பது எகனாமிக்ஸ் முதல் பாடம். 2008-ல் மும்பைக்குத் துப்பாக்கியோடு வந்தவர்களும் ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்துக்கொண்டுதானே வந்தார்கள்?

ஆகவே சந்தேகப்படுவது அவர்கள் வேலை. ஆனால் சந்தேகம் எங்கே போய் முடியும் என்பதையும் இந்தக் கடல் பார்த்திருக்கிறது. 2022 அக்டோபர் 21-ஆம் தேதி, இதே பாக் கடலில், நம் கடற்படையின் ஐ.என்.எஸ். பங்காரம் என்ற ரோந்துக் கப்பல் நம் விசைப்படகு ஒன்றைச் சுட்டு, ஒரு தமிழக மீனவருக்குக் குண்டுக்காயம். எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்றது கடற்படை. எதற்காக நிற்கவில்லை? வெள்ளையோ சாம்பலோ, கப்பல் என்றாலே ஓடு என்று பழகிவிட்ட கைகள் அவை.

இந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும் என்று பெரியவர் ஒரு கதை சொன்னார். அவர் தங்கை மகனின் படகு. கோட்டுக்குப் பக்கத்தில் எஞ்சின் போய்விட்டது. காற்று கிழக்கே தள்ளுகிறது. அடியில் பலகை விட்டு லேசாகத் தண்ணீரும் ஏறுகிறது. கோஸ்ட் கார்டின் அவசர எண் 1554 எல்லா மீனவனுக்கும் தெரியும்.

"ஆனா கூப்புடல தம்பி. கூப்புட்டா எங்க இருக்கேனு கேப்பாகல்ல? அந்த எடத்தைச் சொன்னா, அங்க எதுக்குடா போனேனு கேப்பாகல்ல? ஆறு மணி நேரம் யோசிச்சிருக்கான். நாலு பேரு மாத்தி மாத்தித் தண்ணிய எறைச்சுக்கிட்டு, யோசிச்சுக்கிட்டு."

கடைசியில் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கப்பல் வந்தது. மேல்தட்டில் ஒரு வடக்கத்திப் பையன். தெரிந்த தமிழ் நாலே வார்த்தைதான் போலிருக்கிறது. அவன் முதலில் கேட்டது பேப்பரும் இல்லை, லைசென்சும் இல்லை.

"'தண்ணி இருக்கா அண்ணா?'னு கேட்டானாம். குடிக்கத் தண்ணி இருக்கானு! பேப்பரெல்லாம் அப்பறந்தான் கேட்டானாம்."

பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டார். நானும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். கணக்கில் எந்தப் பதிவு முதலில் வர வேண்டும் என்று எந்த ஆடிட்டரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. தண்ணீர் முதலில். பேப்பர் அப்புறம். சங்கிலி கட்டிய ராஷ்மோனி அம்மாளும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

ஆனால் அந்தப் பையன் கேட்பதற்கு முன்னால், படகிலிருந்து ஒரு குரல் போயாக வேண்டுமே? 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது அந்தக் குரல்தான் இல்லாமல் போயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து போகிறவர்கள் வாரக்கணக்கில் அரபிக்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே கிளம்பிப் போனவர்களுக்கு ரேடியோவும் எட்டாது, செல்போனும் எட்டாது. கப்பல்களும் விமானங்களும் தேடின. எங்கே தேடுவது? கேரளக் கரையில் மீனவர்களையே கப்பலில் ஏற்றிக்கொண்டு, அவர்கள் கை காட்டிய திக்கில் போக வேண்டியதாயிற்று. எத்தனையோ வீடுகளில் போனவர் வரவில்லை.

இதற்காக இஸ்ரோ செய்த ஒரு சின்னக் கருவி உண்டு. படகில் வைத்துக்கொண்டு ஆபத்தில் பட்டனை அமுக்கினால், செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருக்குச் செய்தி போய், அங்கிருந்து கோஸ்ட் கார்டின் மீட்பு மையத்துக்கு இடத்தோடு தகவல் வரும். 2010 முதல் இருக்கிறது. இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பழைய கருவி ஒருவழிப் பாதை. அமுக்கியவனுக்கு, யாராவது கேட்டார்களா என்று தெரியாது. 2024 ஜனவரியில் வந்த புதுக் கருவியில், 'செய்தி கிடைத்தது, வருகிறோம்' என்று பதில் வருகிறது. தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய தெம்பு!

தெம்புதான். ஆனால் அது இடத்தையும் சொல்லிவிடுமே? பெரியவரிடம் அதையே கேட்டேன். "கோட்டுக்கு அந்தாண்ட மாட்டிக்கிட்டா, உங்க தங்கச்சி மகன் பட்டனை அமுக்குவாரா ஐயா?"

"பாலித்தீன் கவர்ல சுத்தி, வீல் ஹவுசுல கட்டி வச்சிருக்கான்."

"அதில்லீங்க. அமுக்குவாரா?"

பெரியவர் ஊசியில் மறுபடி நூல் கோத்துக்கொண்டே சொன்னார்:

"கோஸ்ட் கார்டுக்குப் பயந்தா அமுக்க மாட்டான் தம்பி. ஆனா அன்னைக்குக் கரைக்கு வந்ததும் அவன் பொஞ்சாதி கேட்டா பாருங்க ஒரு கேள்வி... ஆறு மணி நேரமா என்னத்தடா யோசிச்சேனு! இனிமே ஆறு நிமிசம் தாண்டாது!"